அனிலாவின் ரத்த வகை

நெடும்புழக்கடவு காவல் நிலையம். 13.10.2011 அன்று திரு. சுகதன் அளித்த குழந்தை மாற்றப் புகாரின் மேல் விசாரணை. நாள்: 15.10.2011, சனிக்கிழமை, காலை 10.05. இடம்: மிஷன் ஆஸ்பத்திரி லேப். சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: எல்ஸம்மா. வயது: 51. கணவர் பெயர்: குரியாக்கோஸ். விலாசம்: வாழக்கூட்டத்தில் வீடு, கிழக்கேக்கரை, நெடும்புழக்கடவு. வேலை: மெடிக்கல் லேப் டெக்னாலஜிஸ்ட்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவரோடு வசித்து வருகிறேன். ஒரே மகள், குவைத்தில் நர்ஸ். அரசு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னாலஜி படித்து முடித்த வருடமே இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இருபத்தெட்டு வருடமாக இதே நாற்காலி, இதே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆறு. படகு போனால் இந்த மேஜை லேசாக அதிரும். டியூபுக்குள் ரத்தம் மெலிதாகத் திரண்டிருந்தால் அந்த அதிர்வில் கலைந்துவிடும். அதனால் படகு தாண்டிப் போகும்வரை நான் எந்த டியூபையும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. புதிதாக வரும் டாக்டர்கள் இதற்காகச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

என்னோடு லேபில் வேலை செய்பவள் ஷம்லா, வயது 34. ரத்தம் எடுப்பது அவள் வேலை, சோதிப்பது என் வேலை. அவளுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. டியூபில் ஏதாவது விபரீதமாகத் தெரிந்தால் முதலில் லேபிளைச் சந்தேகப்படு, அடுத்து ரத்தம் எடுத்தவளைச் சந்தேகப்படு, அடுத்து உன்னையே சந்தேகப்படு, நோயாளியை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படாதே. எல்லா லேபிலும் இதைத்தான் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடத்தில் இந்த விதி என்னை ஒரே ஒரு தடவைதான் கவிழ்த்தது. அதைச் சொல்லத்தான் நானாகவே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

ரத்த வகை பார்ப்பது எப்படி என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன். எங்களிடம் இரண்டு புட்டி மருந்து உண்டு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். ரத்தம் நீலத்தில் திரண்டால் ஏ வகை, மஞ்சளில் திரண்டால் பி வகை, இரண்டிலும் திரண்டால் ஏபி, இரண்டிலும் திரளாமல் இருந்தால் ஓ. குழந்தை ஏபி என்றால் பெற்றவர்களில் ஒருவர் ஏ கொடுத்திருக்க வேண்டும், மற்றவர் பி கொடுத்திருக்க வேண்டும். ஓ வகைக்காரரிடம் கொடுப்பதற்கு ஏயும் இல்லை, பியும் இல்லை. இந்த வழக்கு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

14.03.2011 திங்கட்கிழமை காலை, அனிலா என்ற 26 வயதுப் பெண் மூன்றாம் மாத கர்ப்பத்தோடு முதல் சோதனைக்கு வந்தாள். படகு கட்டும் தச்சர் பிபின்லால் என்பவரின் மனைவி. கர்ப்பிணிகள் வரும் நாள் என்பதால் வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஷம்லா அவளுடைய வலது கையில் ரத்தம் எடுத்தாள். நான் சோதித்தபோது மஞ்சளில் திரளவில்லை. நீலத்திலும் பெரும்பாலும் திரளவில்லை, ஆனால் நடுவே சின்னச் சின்னக் கட்டிகள் மிதந்தன. புட்டுக்கு மாவு நனைக்கும்போது, மாவெல்லாம் உதிரியாக இருக்க அங்கங்கே நாலு கட்டி தட்டி நிற்குமே, அப்படி. இரண்டு ஆட்களின் ரத்தம் கலந்தால்தான் இப்படித் தெரியும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று அனிலாவைக் கேட்டேன். பிறந்தது முதல் ஏற்றியதே இல்லை என்றாள். அதன் பிறகு ஷம்லாவைக் கூப்பிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், “இதுல ரெண்டு பேர் ரத்தம் இருக்கு. யாரோடதை யாரோடதுல கலந்தே?” என்று கேட்டேன்.

அவள், “ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிவச்சா குத்தினேன் சேச்சி? ஒரு ஊசி, ஒரு கை. நீங்களும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க” என்றாள். “வாயை நீட்டாதே. இன்னொரு தடவை எடு” என்றேன். அவள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இடது கையில் எடுத்தாள். டியூபை என் கையில் கொடுக்கும்போது, “சேச்சி, அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கையும் ரெண்டு நிறம், கவனிச்சீங்களா?” என்றாள். “உன்னை நரம்பு பாக்கத்தான் வச்சிருக்கு, நிறம் பாக்க இல்லை” என்று சொன்னேன். இந்த வார்த்தை வாக்குமூலத்தில் வர வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

இடது கை ரத்தத்திலும் அதே கட்டிகள். அதன் பிறகு நான் டியூப் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ரிஜிஸ்டரில் ஓரமாகப் பென்சிலால் ‘கலப்பு?’ என்று எழுதினேன். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரான சீரத்தையும் எடுத்துத் தலைகீழாக ஒரு சோதனை செய்திருக்க வேண்டும். ரத்தம் ஏற்றுபவர்களுக்குத்தான் அது கட்டாயம், கர்ப்பிணிகளுக்கு இங்கே செய்வதில்லை. உள்ளிருந்து டாக்டர் ரிப்போர்ட் கேட்டு ஆள் அனுப்பினார். நான் பென்சிலை அழித்துவிட்டு, பேனாவால் ஓ பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டர் இப்போது போலீஸ் கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த தடம் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, என் கண் கண்டதைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் ஷம்லாவைக் குறை சொன்னேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

11.10.2011 செவ்வாய்க்கிழமை காலை 9.20க்கு அனிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 9.45க்கு அடுத்த பிரசவ மேஜையில் ஷாஹினா என்பவருக்கும் பெண் குழந்தை. இரண்டு குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தமும் ஒரே தட்டில் லேபுக்கு வந்தன. நான்தான் சோதித்தேன். அனிலாவின் குழந்தை ஏபி, ஷாஹினாவின் குழந்தை பி. தாயின் வகை என்ன என்று எடுத்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எழுதி மேலே அனுப்பிவிட்டு கட்டன்சாயா குடிக்கப் போனேன்.

13.10.2011 வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், நான் மைக்ரோஸ்கோப்பில் மலேரியா பார்த்துக்கொண்டிருந்தேன். பிபின்லாலின் அண்ணன் சுகதன் கவுண்டருக்கு வந்தார். ட்யூட்டோரியல் கல்லூரியில் பதினெட்டு வருடமாக உயிரியல் நடத்துகிறவர், ஊரில் எல்லோரும் மாஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர், “எல்ஸம்மா சேச்சி, ஒரு சந்தேகம். ஓ அம்மாவுக்கு ஏபி பிள்ளை பொறக்குமா?” என்று கேட்டார். பிள்ளைகளுக்கு நடத்தக் கேட்கிறார் என்று நினைத்து, தலையைத் தூக்காமலே, “பொறக்காது மாஷே, உங்களுக்குத் தெரியாததா?” என்றேன். அவர் கிளம்பிப் போனார். அவர் கையில் அனிலாவின் கார்டும் குழந்தையின் கார்டும் இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் புகார் எழுதப்பட்டது. புகாரில் என் பெயர் மூன்று இடத்தில் வருகிறது.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. பிபின்லால் ரத்ததானம் செய்கிறவர், பி வகை. ஷாஹினா ஏ, அவளுடைய கணவர் ஏபி. இரண்டு குழந்தைகளையும் மாற்றிப் போட்டால் எல்லாக் கணக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது. குழந்தைகளின் காலில் கட்டிய பெயர்ப் பட்டைகள் சரியாகத்தான் இருந்தன. பட்டையை அவிழ்த்துக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று மாஷ் கேட்டார். ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரான பாதிரியார் அச்சன், போலீஸ் வந்து பெயர் கெடுவதற்குள் இரு வீட்டாரும் சமாதானமாக மாற்றிக்கொள்ளலாமே என்றார். ஷாஹினா கட்டிலைவிட்டு இறங்கி, “என் பிள்ளை மேல கை வச்சா அச்சன்னும் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். பிபின்லால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அனிலா, “எனக்குப் பாடம் தெரியாது. இவ என் பிள்ளை” என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டிஎன்ஏ முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றும், பிபின்லால் வீட்டார் ஏற்க மறுப்பதால் அதுவரை ஏபி குழந்தை ஆலப்புழையில் உள்ள சிசு இல்லத்தில் இருக்க வேண்டும் என்றும், சனிக்கிழமை பகல் இரண்டு மணிப் படகில் கொண்டுபோவது என்றும் குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டது. வியாழன் மாலை நாலு மணிக்குக் குழந்தையை நர்ஸுகள் அறைக்குக் கொண்டுபோய் வாசலில் ஒரு பெண் காவலரை உட்காரவைத்தார்கள்.

14.10.2011 வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் லேபைத் திறந்தபோது அனிலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நைட்டியின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது, மேலே ஒரு தோர்த்துத் துண்டு போட்டிருந்தாள். “சேச்சி, என் ரத்தத்தை இன்னொரு தடவை பாருங்க” என்றாள். டாக்டரின் சீட்டு இல்லாமல் ரத்தம் எடுப்பது விதிக்கு விரோதம். நான் எடுக்கச் சொன்னேன். அதற்கு அச்சன் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார், பதில் எழுதிக்கொள்கிறேன்.

ஷம்லா இரண்டு கையிலும் தனித்தனியாக எடுத்தாள். அனிலாவின் இரண்டு முன்கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்து என்னைப் பார்த்தாள். இந்த முறை நானும் பார்த்தேன். வலது கை மாநிறம். இடது கை ஒரு மாற்று வெளுப்பு. வெயில்பட்டுக் கறுத்த மாதிரி இல்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். கல்யாணத்துக்கு இடது கைக்கு மட்டும் மஞ்சள் குறைத்துப் பூசினார்கள் என்று அனிலா சொன்னாள்.

அதன் பிறகு புது டியூப், புது மருந்து எடுத்து, நானே மூன்று முறை கழுவி, சோதனை வைத்தேன். பார்க்கப்போகும் நேரத்தில் வரிசையாக மூன்று படகு போயின. மூன்றும் போய் மேஜை அடங்கும்வரை டியூபைத் தொடவில்லை. பிறகு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நீலத்தில் அதே கட்டிகள். ஏழு மாதத்துக்கு முன்னால் நான் பென்சிலால் எழுதி அழித்ததே மறுபடி என் கையில் இருந்தது.

அப்போது சுகதன் மாஷ் ரிஜிஸ்டர் நகல் கேட்டு லேபுக்கு வந்தார். அனிலாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான், “மாஷே, நகல் இருக்கட்டும். இங்கே வந்து இதுல பாருங்க” என்று மைக்ரோஸ்கோப்பைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ரத்த அணுக்களில் கொத்துக்கொத்தாகச் சேர்ந்தவையும், அவற்றைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டாமல் திரிந்தவையும் அவருக்கும் தெரிந்தன.

“ரெண்டு பேர் இருக்காங்க” என்றார்.

“இருக்காங்க.”

“அப்ப டியூப் மாறியிருக்கும். கலந்திருக்கும்.”

“அதையேதான் மாஷே நானும் மார்ச்சுல சொன்னேன்.”

ஷம்லா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு நான் மார்ச் மாதம் செய்யாமல் விட்ட சோதனையைச் செய்தேன். ஓ வகைக்காரரின் சீரத்தில் ஏ ரத்தத்தையும் பி ரத்தத்தையும் தாக்குகிற பொருள் இரண்டும் இருக்கும். அந்நியனைக் கண்டால் நாய் குரைப்பது போல அது உடம்பின் இயல்பு. அனிலாவின் சீரத்தில் பி ரத்தம் விட்டேன், உடனே திரண்டது. ஏ ரத்தம் விட்டேன், திரளவில்லை. பத்து நிமிடம் வைத்தேன், குளிரில் வைத்தேன், வேறு ஒருவரின் ஏ ரத்தத்தை விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. வெளியாள் ரத்தம் எப்படியோ உள்ளே வந்திருந்தால் இவள் உடம்பு அதை விட்டுவைத்திருக்காது. இருபத்தாறு வருடமாக அவளுக்குள் ஓடுகிற இன்னொரு ரத்தத்தை அவள் உடம்பு ஒருநாளும் அந்நியம் என்று நினைத்ததில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். எத்தனையோ லட்சம் டியூப் பார்த்தவள் நான், இப்படி ஒன்றின் முன்னால் நின்றதில்லை. பயமா, சந்தோஷமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அது.

படிக்கும் காலத்தில் பாடப்புத்தகத்தில் இதைப்பற்றி ஆறு வரி உண்டு. பரீட்சையில் வராது என்று நாங்கள் எல்லோரும் தாண்டிவிட்டோம். அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மாஷுக்குப் படித்துக் காட்டினேன். தாய் வயிற்றில் இரட்டையாகக் கருத்தரித்து, முதல் சில நாளிலேயே இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஆளாக வளர்ந்துவிடுவது மிக அபூர்வமாக உண்டு. உடம்பில் சில இடம் ஒருத்தியுடையதாகவும் சில இடம் மற்றவளுடையதாகவும் இருக்கும். ரத்தத்தில் ஒருத்தி அதிகமாகவும் கருப்பையின் பக்கம் மற்றவள் அதிகமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அந்த ஆளுக்கே தெரியாமல் வாழ்ந்து முடிந்துவிடும்.

மாஷ், “புஸ்தகம் இருக்கட்டும். இவளுக்குள்ள ஏ இருக்குன்னு ரத்தத்தைத் தவிர வேற எதுலயாவது காட்டுங்க, ஒத்துக்கறேன்” என்றார். வாத்தியார் கேட்க வேண்டிய கேள்விதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எச்சிலில் காட்டுகிறேன் என்றேன். பெரும்பாலோருடைய எச்சிலிலும் அவரவர் ரத்த வகை உண்டு. மாணவர்களாக இருந்தபோது ஒருவர் எச்சிலை ஒருவர் காய்ச்சிச் சோதித்துச் சிரித்திருக்கிறோம். அதன் பிறகு முப்பது வருடமாக எனக்கு அது தேவைப்படவில்லை.

அனிலா ஒரு டியூபில் துப்பினாள். நான் ஏ வகை, என் எச்சிலிலும் ஏ உண்டு என்று படிக்கும்போதே தெரியும், அதனால் நானும் துப்பினேன். ஷம்லா ஓ வகை. அவள், “பத்து வருஷ சர்வீஸ்ல இதுதான் பாக்கி இருந்துச்சு” என்று சொல்லித் துப்பினாள். நாலாவது டியூபில் வெறும் உப்புத் தண்ணீர். லேபிளைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும். அதனால் மாஷையே நாலுக்கும் நம்பர் எழுதச் சொல்லிவிட்டு நான் வெளியே போய் ஆற்றைப் பார்த்து நின்றேன். எந்த நம்பர் யாருடையது என்று அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலையும் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தேன். மாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகு ஆறவைத்து, சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து, நீல மருந்தோடு சேர்த்துக் காத்திருந்தேன். எச்சிலில் ஏ இருந்தால் மருந்தின் வேகம் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு ஏ ரத்தம் விட்டாலும் திரளாது. ஏ ரத்தம் விட்டேன். ஒன்றாம் நம்பர் திரண்டது. இரண்டு திரளவில்லை. மூன்று திரண்டது. நாலு திரளவில்லை.

“ரெண்டும் நாலும் ஏ” என்றேன்.

மாஷ் துண்டுத்தாளை எடுத்தார். “ரெண்டு, எல்ஸம்மா” என்று படித்தார். அடுத்ததை வாய்விட்டுப் படிக்கவில்லை. தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு என்பதற்கு எதிரே அனிலா என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் துண்டுத்தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

ஷம்லா முணுமுணுவென்று ஏதோ ஓதினாள். பிறகு மாஷ், “பதினெட்டு வருஷமா பிள்ளைங்களுக்குத் தப்பா நடத்தியிருக்கேனா சேச்சி?” என்றார். “தப்பு இல்லை மாஷே. ஆறு வரி கம்மி, அவ்வளவுதான். அதே ஆறு வரிதான் எனக்கும் கம்மி” என்றேன்.

அதன் பிறகு அனிலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். உன் அம்மா வயிற்றில் நீங்கள் இரண்டு பேர் இருந்தீர்கள், ஒருத்தி உன்னோடு சேர்ந்துவிட்டாள், உன் பிள்ளைக்கு ஏ வகை அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தாள்.

“அவ செத்துட்டாளா சேச்சி?”

“செத்திருந்தா டியூப்ல எப்படி வருவா? உன் ரத்தத்துல பதினஞ்சுல ஒரு பங்கு அவதான்.”

“அவளுக்குப் பேரு?”

“யாருக்கும் தெரியாதே மோளே. தெரிஞ்சாதானே வைக்க.”

பிறகு அவள், “இதையெல்லாம் போலீஸ்ல சொல்லுவீங்களா?” என்றாள். சொல்லுவேன் என்றேன். நான் அச்சனிடம் போய்ச் சொன்னபோது, தப்பை ஆஸ்பத்திரிக்குள்ளேயே திருத்திக்கொள்ளலாமே, ரிஜிஸ்டர் அழித்ததையெல்லாம் எதற்குப் போலீஸில் சொல்ல வேண்டும், வேலை போய்விடும் என்றார். என்மேல் உள்ள அக்கறையால் சொன்னார். அந்த அழித்த எழுத்துதான் இந்தக் கட்டிகள் இப்போது புதிதாக வந்தவை அல்ல என்பதற்கு ஒரே சாட்சி. அதை மறைத்தால் மாஷ் முதலில் சொன்னதுபோல டியூப் கலந்துவிட்டது என்று யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் இன்று காலை ஏழு மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

அந்தக் குழந்தை அனிலாவுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். முடியாது. என் சோதனை அவ்வளவு தூரம் போகாது. அவளுடையதாக இருக்கவே முடியாது என்று வியாழக்கிழமை நான் சொன்ன சொல் பொய் என்பதை மட்டும்தான் என் சோதனை சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பித்தான் குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்தார்கள். காரணம் போனபின் எடுத்து வைத்திருப்பதற்கு வேறு என்ன காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. திங்கட்கிழமை டிஎன்ஏ சோதனைக்கு அனிலாவின் ரத்தத்தை மட்டும் எடுத்துப் போனால், மூன்று வாரம் கழித்து அந்த லேபும் இவள் தாய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். அங்கே இருப்பவர்களும் என்னைப்போல லேபிளைச் சந்தேகப்படுவார்கள், ரத்தம் எடுத்தவளைச் சந்தேகப்படுவார்கள். அதனால் ரத்தம், கன்னத்தின் உள்பக்கம், வேரோடு தலைமுடி, வலது கைத் தோல், இடது கைத் தோல் என்று எல்லா இடத்திலும் எடுக்க வேண்டும். ஒருத்தியை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது.

ஷம்லாவை மார்ச் 14ஆம் தேதி இருபது பேர் முன்னால் நான் சொன்னது அநியாயம். நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “இருபது பேரைக் கூட்டிட்டு வாங்க சேச்சி, அப்புறம் பாக்கலாம்” என்றாள். இருபது பேருக்கு எங்கே போவேன். இந்த வாக்குமூலத்தைப் படிக்கிறவர்களை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

மேலே சொன்னவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் கண் பார்த்ததும் என் கை செய்ததும். மறைத்தது ஒன்றும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) எல்ஸம்மா குரியாக்கோஸ்
சாட்சி: (ஒப்பம்) ஷம்லா

சப்-இன்ஸ்பெக்டர் குறிப்பு: வாக்குமூலத்தின் சாரத்தைக் குழந்தைகள் நலக் குழுத் தலைவரிடம் பகல் 12.15க்குப் போனில் தெரிவித்தேன். புகார்தாரர் சுகதன் தன் புகாரை நிறுத்திவைக்குமாறு எழுதிக் கொடுத்தார். டிஎன்ஏ முடிவு வரும்வரை குழந்தையைத் தாயிடமே விடும்படி உத்தரவானது. இரண்டு மணிப் படகு குழந்தை இல்லாமல் போனது. குழந்தை 1.25க்கு, தந்தை பிபின்லால் முன்னிலையில் ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கு அனிலா வலது கையால் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகையும் வைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ரேகை வைக்கத் தேவையில்லை என்று சொன்னதற்கு, “அவளும் வாங்கிக்கட்டும் சார்” என்றார். ரேகை அழிக்கப்படாமல் அப்படியே கோப்பில் சேர்க்கப்பட்டது.